அம்மாவோடு மூன்று இரவு கடற்கரை வீட்டில்: என்னென்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)
ஜூலை 6, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் லீவில் கடற்கரையில் ஒரு முழு வீடாக எடுத்து மூன்று இரவு தங்கலாம் என்று நினைத்திருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மகன் (11), மகள் (6), என் தம்பி, அம்மா. அம்மாவுக்கு 66 வயது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்.

அம்மா கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கொழும்புக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று காலிமுகத்திடலில் அரை மணி நேரம் நின்றோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

நாங்கள் போன ட்ரிப் எல்லாம் ஒரே மாதிரிதான். விடிய இரண்டு மணிக்கு வேன் வரும். ஒரே நாளில் மூன்று கோயில், ஒரு அணைக்கட்டு, ஒரு நீர்வீழ்ச்சி. இரண்டாவது இடத்திலேயே அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடும். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையெல்லாம் பாத்துக்கிறேன்" என்று வேனுக்குள்ளேயே இருந்துவிடுவார். இந்த முறை அம்மா பைக்குக் காவல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் வீடு.

கிழக்குக் கரையில் பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்பை, இதில் எது எங்களுக்குச் சரிவரும்? வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி வேறு. மூன்று நாளும் ஒரே இடத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகாதா, என்ன செய்வது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதுளைப்பாதை (பதுளை)
ஜூலை 6, இரவு 10.02

தங்கச்சி, நான் பதினாறு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். ஆகஸ்ட் என்றால் கிழக்குத்தான், அதில் மாற்றுக் கருத்தே வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த நேரம் காலி, மாத்தறைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் தண்ணீர் அமைதியாக இருக்கும். டிசம்பர் லீவில் அப்படியே தலைகீழ். இது தெரியாமல் டிசம்பரில் மட்டக்களப்புக்கு ஹையர் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

உங்களுக்குப் பாசிக்குடா வசதி. ஏ5 வீதியை விடாமல் பிடித்தால் போதும். நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, கடைசியில் செங்கலடி. அங்கே இடது பக்கம் திரும்பினால் வாழைச்சேனை. தலவாக்கலையில் இருந்து நிறுத்தி நிறுத்திப் போனால் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகாஓயாவில் சுடுநீர்க் கிணறுகள் இருக்கின்றன. அம்மா காலை நனைத்துக்கொள்ள நல்ல இடம்.

விடிய இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டாம். ஆறு மணிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புங்கள். காட்டுப் பாதையை இருட்டுவதற்கு முன் கடந்துவிட வேண்டும், யானை குறுக்கே நிற்கும்.

இன்னொன்று. வீடு பேசும்போது சாரதிக்குப் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். வேன் சீட்டில் மூன்று இரவு சரிந்து படுத்தவன்தான் நாலாம் நாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும்.


மாத்தளை மைந்தன் (மாத்தளை)
ஜூலை 7, காலை 6.40

என் ஓட்டு நிலாவெளிக்கு. கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. ரோடு நல்ல ரோடு. சம்பந்தர் பாடிய கோணேஸ்வரத்தை அம்மா பார்க்க வேண்டாமா? கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். நிலாவெளியில் இருந்து படகேறினால் கொஞ்ச நேரத்தில் புறாத் தீவு. 2003இல் இருந்து அது தேசிய பூங்கா. கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலே பவளப் பாறையும் வண்ண மீனும் தெரியும். உங்கள் மகன் வாழ்நாளில் மறக்கமாட்டான். பாறையின் மேல் கால் வைக்காமல் மிதக்கச் சொல்லிக்கொடுங்கள். அது உயிருள்ளது, மிதித்தால் செத்துவிடும்.


இறம்பொடைக்காரன் (இறம்பொடை)
ஜூலை 7, காலை 8.15

எனக்கு இந்த யோசனையே சரியாகப் படவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அவ்வளவு செலவு பண்ணி எட்டு மணி நேரம் ஓடி, போய் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதா? நம்முடைய ஆட்கள் தோட்டத்தை விட்டு வெளியே போவதே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அந்தச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து, சேர்த்து வைத்துப் போகிறோம். பாசிக்குடா, மட்டக்களப்பு, திருகோணமலை, மூன்றையும் மூன்று நாளில் பார்த்துவிடலாம். அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரனுக்கு வருஷா வருஷம் லீவு வருகிறது, அவன் சாய்ந்து படுக்கலாம். நமக்கு அப்படியா?


தேனாட்டு மருமகள் (பொகவந்தலாவையில் பிறந்து, கல்லடியில் வாழ்கிறேன்)
ஜூலை 7, பகல் 1.30

இறம்பொடை அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் நான் கல்யாணம் முடித்து இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். என் வீட்டுக்கு மலையில் இருந்து சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்வது வேனில் யார் வாந்தி எடுத்தார்கள் என்ற கதைதான். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டுப் போனவர்கள் இன்னும் போன் எடுத்து "கடல் எப்படி இருக்கு" என்று கேட்கிறார்கள், வீட்டு ஆளை விசாரிப்பது மாதிரி.

டீச்சரக்கா (நீங்கள் டீச்சர் என்று முந்தி ஒரு இழையில் சொன்னதாக ஞாபகம்), வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கடற்கரையில் ஒரு நாள் தானாகவே நிரம்பிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

விடிய ஐந்தே காலுக்கு எழும்பி, பிளேன்டீயோடு கரைக்குப் போங்கள். இது கிழக்கு, சூரியன் கடலில் இருந்து எழும்பும். நாமெல்லாம் மலைக்குப் பின்னால் இருந்து ஏழு மணிக்கு மேல் எட்டிப்பார்க்கும் சூரியனைத்தான் கண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் கரைவலை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் நீளக் கயிறு, ஒவ்வொரு பக்கமும் பத்து இருபது பேர், அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். மரியாதையாகக் கேட்டால் உங்களையும் கயிற்றில் கை வைக்க விடுவார்கள். வலை கரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிள்ளைகள் அசையமாட்டார்கள். பிறகு மீனைக் கூறு போட்டு விற்பார்கள். அங்கேயே வாங்குங்கள். மலைக்கு வருவது ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் கிடந்த மீன், அதையே நாம் மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்போது பிடித்த சூடையை மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்துப் பாருங்கள். நெத்தலி கிடைத்தால் தேங்காய்ப்பால் விட்டு ஒரு சொதி. எருமைத் தயிர் மட்டக்களப்பில் முட்டியிலேயே கிடைக்கும், கஜுவும் இங்கே நல்லது.

பத்து மணிக்கு மேல் வெளியே போக வேண்டாம். ஆகஸ்டில் இங்கே கச்சான் காற்று அடிக்கும். மேற்கில் இருந்து வரும் சூடான காற்று அது, மலைக்காரருக்கு முதல் நாள் தலை சுற்றும். வாசலில் பாயைப் போட்டுத் தூங்குங்கள். தூக்கம் முடிந்தால் தாயம், கேரம், 304 சீட்டாட்டம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் குளியல். பாசிக்குடாவில் தண்ணீர் வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவுதான், பெரிய அலையும் கிடையாது. சின்னவளுக்கும் அம்மாவுக்கும் அதைவிட நல்ல கடல் இலங்கையில் இல்லை என்பேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தாண்டினால் கல்குடா. அது பாசிக்குடா மாதிரி இல்லை, அங்கே பிள்ளைகளை இறக்காதீர்கள்.

முடிந்தால் போயாவை ஒட்டி வாருங்கள். சூரியன் மறைகிற நேரத்தில் முழு நிலவு கடலில் இருந்து எழும்பும். அதைப் பார்க்க டிக்கெட்டும் கிடையாது, வேனும் தேவையில்லை.


செவிலி (நுவரெலியா)
ஜூலை 7, இரவு 8.50

கடல் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு நீந்தத் தெரியாது. பீலியில் குளித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் மேலே இருந்து விழும், இழுக்காது. கடல் இழுக்கும். அலை உடைகிற இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அதைப் பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்கக் கூடாது. தண்ணீர் திரும்பிப் போகிற வழி அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கவே கூடாது. குடித்துவிட்டு ஆண்கள் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் முன்னமே பேசிவிடுங்கள். எந்த நேரமும் பிள்ளைகளைப் பார்க்க என்று ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

அம்மாவுக்குச் சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இன்சுலின் என்றால் வெயிலில் நிற்கும் வேனில் விட வேண்டாம். சீனி வருத்தக்காரர் மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பகலில் மணல் கொதிக்கும், காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள். சேலையோடு கடலில் இறங்கவும் வேண்டாம், நனைந்தால் பாரமாகிக் காலில் சுற்றும்.

அவசரம் என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.


அட்டன் பொடியன் (அறுகம்பையில் வேலை)
ஜூலை 8, இரவு 12.20

நான் அறுகம்பையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். எங்கள் இடத்துக்கு ஆள் சேர்க்க எனக்கும் ஆசைதான், ஆனாலும் டீச்சருக்குப் பாசிக்குடாதான் சரி. இங்கே அலைதான் பெருமை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உலகத்தில் எங்கெங்கிருந்தோ அலைச்சறுக்குக்கு வருகிறார்கள், ஜூன் ஜூலை ஆகஸ்டில் அலை இன்னும் பெரிசு. வயதானவர்களுக்கு அது பார்க்கத்தான் நல்லது.

உங்கள் தம்பிக்கு ஆசை இருந்தால் அடுத்த முறை தனியாக அனுப்புங்கள். பழகுகிறவர்களுக்குச் சின்ன அலை உள்ள இடம் இருக்கிறது, பலகையும் ஆளும் சேர்த்து வகுப்புக்குப் பேசலாம். நான் தோட்டத்தில் பிறந்தவன், நீச்சலே இங்கே வந்துதான் படித்தேன். முதல் தடவை பலகையில் எழுந்து நின்ற நாளை அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். பொத்துவில் களப்பில் பின்னேரம் துடுப்புப் படகில் போவதும் அழகு, கண்டல் மரங்களுக்கு நடுவே, சத்தமே இல்லாமல். முதலையும் யானையும் சில நாள் தெரியும். ஊருக்குள் நனைந்த உடுப்போடு நடக்க வேண்டாம் என்று மட்டும் நண்பர்களிடம் சொல்லி அனுப்புங்கள். அது மக்கள் தொழுது வாழ்கிற ஊர்.


கொழுந்துக்கூடை
ஜூலை 8, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. பாசிக்குடா என்று முடிவு செய்துவிட்டோம்.

இறம்பொடை அண்ணா, நீங்கள் கேட்டதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபமே இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்பது எங்கள் வீட்டிலும் உண்மைதான். ஆனால் அம்மா முப்பத்தெட்டு வருஷம் காலை ஏழரைக்கு மலையில் நின்றவர். மழையென்றால் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு நின்றவர். பேர் (நாள் சம்பளம்) விழ வேண்டும், கிலோ சேர வேண்டும், ஒவ்வொரு நாளும் அவருக்கு யாரோ அளந்துதான் கொடுத்தார்கள். லீவிலும் "அடுத்து இங்கே, அடுத்து அங்கே" என்று அவரை நான் விரட்டினால் அதற்கும் மலைக்கும் என்ன வித்தியாசம்? அவர் எப்போது எழும்ப வேண்டும் என்று யாரும் சொல்லாத மூன்று நாளை அவருக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவின் அக்கா 1974இல் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார். அட்டன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டார்கள், ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்களே, அந்தக் கோச்சியில். தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார். அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. அதற்குப் பிறகு இரண்டு கடிதம் வந்ததோடு சரி. கடல் என்ற பேச்சு வந்தால் அம்மா சொல்வது ஒன்றுதான், "அக்கா போன கடல்". அந்தக் கடலைப் பக்கத்தில் உட்கார்ந்து ஆற அமர அவர் பார்க்க வேண்டும்.


இறம்பொடைக்காரன்
ஜூலை 8, இரவு 10.05

டீச்சர், இதற்குமேல் நான் என்ன சொல்ல. எங்கள் சித்தப்பா குடும்பமும் அதே கோச்சியில்தான் போனது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

ஒரு கோயிலாவது வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் உங்களுக்குத் தூரமில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அங்கே கூட்டம் கூடும், போனவர்களை நினைத்து முழுகுகிற நாள் அது. கூட்டம் வேண்டாம் என்றால் வேறொரு நாள் காலையில் போங்கள்.


பதுளைப்பாதை
ஜூலை 8, இரவு 10.20

வீட்டுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம். போன வருஷம் நான் கூட்டிப்போன ஒரு குடும்பம் படத்தைப் பார்த்து முழுக் காசையும் அனுப்பிவிட்டது. போனால் கடல் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். படத்தில் இருந்த கரை வேறு கரை. வீட்டு உரிமையாளரை வீடியோ கோலில் கூப்பிட்டு, வாசலில் இருந்து கடல்வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல வீடு வைத்திருக்கிறவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். படி எத்தனை, கொமட் இருக்கிறதா, நுளம்பு வலை இருக்கிறதா, சமைக்க காஸ் யாருடையது, எல்லாம் அப்போதே கேட்டுவிடலாம்.


தேனாட்டு மருமகள்
ஜூலை 9, காலை 11.00

ஒன்று சொல்ல மறந்தேன். பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். என் கணவரின் சொந்தங்கள் நாவலடியில் இருந்தவர்கள், 2004 டிசம்பர் 26இல் போய்விட்டார்கள். கடலோரத்தில் தூங்கப்போகிறவர்கள் ஒரு தடவை தெரிந்துவைத்திருந்தால் போதும். நிலம் அதிர்ந்தாலோ கடல் வழக்கத்தை மீறி உள்ளே வாங்கினாலோ, மீன் பொறுக்கப் போகாமல் உள்நாட்டுப் பக்கம் நடக்க வேண்டும். போன முதல் நாளே வழியைப் பார்த்துவைத்துவிட்டு, அப்புறம் நிம்மதியாக இருங்கள். நாங்கள் அப்படித்தான் ஒவ்வொரு நாளும் இருக்கிறோம்.

ராத்திரியில் அம்மாவைப் பேசவிட்டு, போனில் பதிவு செய்துவையுங்கள். கொழுந்துப் பாட்டு, தாலாட்டு, காமன் கூத்துக் கதை, எது வந்தாலும். லயத்து வீட்டில் அதற்கு எப்போது நேரம் கிடைத்தது?


கொழுந்துக்கூடை
ஆகஸ்ட் 24, இரவு 8.00

போய்வந்துவிட்டோம். வந்து மூன்று நாளாகிறது. இன்னும் வீட்டுக்குள் எங்கே கால் வைத்தாலும் மணல். எனக்கு அதைக் கூட்டித் தள்ள மனசு வரவில்லை.

முதலில் சரிவராதவற்றைச் சொல்கிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் போட்ட டீயை எங்களில் யாராலும் குடிக்க முடியவில்லை. நாங்கள் தேயிலையில் பிறந்தவர்கள், டீ கெட்டுப்போனால் நாளே கெட்டுப்போகும். வீட்டில் இருந்து ஒரு கேன் தண்ணீர் டீக்கென்றே கொண்டுபோங்கள். அப்புறம் சனி ஞாயிறில் பாசிக்குடாவில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம், பாட்டுப் பெட்டிச் சத்தம். நாங்கள் ஞாயிறு பின்னேரம் போய்ச் சேர்ந்தோம், திங்கள் காலையில் பார்த்தால் கரை எங்களுக்கு மட்டும் விட்டுவைத்தது மாதிரி இருந்தது. கிழமை நாட்களில் போங்கள்.

முதல் இரவு அம்மா தூங்கவே இல்லை. இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தால் வாசல் கதிரையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த வெக்கையிலும் ஸ்வெட்டர். தூங்கலையா என்று கேட்டேன். "இது நிப்பாட்டவே மாட்டேங்குதே" என்றார், அலையின் சத்தத்தை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடியும்வரை அப்படியே இருந்துவிட்டோம். அடுத்த இரண்டு இரவும் அதே சத்தத்தில் அசந்து தூங்கினார்.

இரண்டாம் நாள் கரைவலைக்குப் போனோம். வாழைச்சேனைப் பக்கம் வேனில் கொஞ்சத் தூரம். தேனாட்டுத் தங்கச்சி சொன்ன மாதிரியே கேட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தோம். மகனும் தம்பியும் இழுத்தார்கள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றவர், செருப்பைக் கழற்றாமலே வந்து கயிற்றில் கை வைத்தார். பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். கொழுந்துக் கறை இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. "அம்மா தோட்டமா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை, இழுத்தார்கள். வலை வந்தபோது நிறையச் சூடை, கொஞ்சம் பாரை, இரண்டு கணவாய். நாங்கள் ஒரு கூறு வாங்கினோம். அந்த ஐயா மேலே ஒரு கை சூடையை அள்ளி அம்மாவின் பையில் போட்டுவிட்டு, காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. வீட்டுக்காரரே இப்போது அதை எல்லாரிடமும் சொல்கிறார். மகன் இரண்டு நாள் முழுக்க மணலில் கால்வாய் வெட்டினான், எங்கள் ஊர் மின்சாரத் திட்டம் மாதிரி மேல் கொத்மலைத் திட்டம் என்று பெயர் வைத்து, சுரங்கப்பாதை எல்லாம் வைத்து. மகள் சிப்பி பொறுக்கினாள். பகலில் தாயம் விளையாடினோம். என் வீட்டுக்காரரும் அம்மாவும் ஒரே பாயில் உட்கார்ந்து விளையாடியதை நான் கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் இப்போதுதான் பார்த்தேன். செவிலி அக்கா சொன்ன காவல் முறையை அப்படியே செய்தோம், அரை மணிக்கு ஒரு ஆள், போன் வீட்டுக்குள்.

அம்மா தண்ணீரில் இறங்கியது மூன்றாம் நாள் பின்னேரம்தான். பீலிக்குப் போவது மாதிரி பாவாடையைக் குறுக்குக் கட்டி, மேலே ஒரு துவாய். பேத்தி ஒரு கை, நான் ஒரு கை. போகப் போக முழங்காலுக்கு மேல் ஏறாத தண்ணீர். "இவ்வளவு தூரம் வந்தும் தரை இருக்குதே" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். அப்புறம் கரையோடு நடந்தோம். ஈர மணல், செருப்போடு. வெகுதூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, முழங்கால் வலி என்று அம்மா ஒரு தடவையும் சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க நடந்தது ஏற்றமும் இறக்கமும்தான். நேரான தரையில் அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு இடமே கிடைத்ததில்லை.

நிலவும் பார்த்தோம். போயாவுக்குச் சரியாக அமையவில்லை, நிலவு பிந்தித்தான் எழும்பியது, செம்பு நிறத்தில். அப்போதுதான் பெரியம்மாவைப் பற்றி அம்மா பேசினார். கோச்சி ஜன்னலில் இருந்து பெரியம்மா கழற்றிக் கொடுத்த ஒரு ஜோடி வளையலைப் பற்றி, அதை வறுமையில் விற்றதைப் பற்றி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாற்பது நிமிஷம் பதிவாகியிருக்கிறது, பின்னால் அலைச் சத்தத்தோடு. இறம்பொடை அண்ணா, மாமாங்கத்துக்கும் போனோம், திரும்பி வருகிற அன்று காலையில். அம்மா பெரியம்மா பேரில் அர்ச்சனை வைத்தார்.

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் சத்தம் கேட்கப் போகவில்லை, புறாத் தீவுக்கும் போகவில்லை. போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "இங்கேயே இருப்போம்" என்றார்.

இப்போது ஒரு உதவி. டிசம்பர் லீவில் மறுபடி போக வேண்டும் என்று அம்மாவே சொல்கிறார், சீட்டுக் காசு ஒன்று நவம்பரில் விழுகிறதாம். கிழக்கில் அப்போது மழை என்று தெரியும். தெற்குப் பக்கம் அலை குறைந்த, பிள்ளைகள் இறங்கக்கூடிய கரையும், படி இல்லாத வீடும் யாருக்காவது தெரியுமா?


மாத்தளை மைந்தன்
ஆகஸ்ட் 24, இரவு 8.40

உனவட்டுனைப் பக்கம் பாருங்கள் டீச்சர். வளைந்த குடா, வெளியே பாறை அலையைத் தடுக்கும், ஆனாலும் அன்றன்றைக்கு அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். காலிக் கோட்டை பக்கத்தில்தான், பின்னேரம் மதிலில் நேரான நடை. அங்கே சூரியன் கடலுக்குள் இறங்கும். அம்மா எழும்பியதைப் பார்த்துவிட்டார், இனி இறங்குவதையும் பார்க்கட்டும்.


பதுளைப்பாதை
ஆகஸ்ட் 24, இரவு 9.15

டிசம்பர் 20க்குப் பிறகு வேன் இருக்கிறது தங்கச்சி. டீக்குத் தண்ணீர்க் கேன் இரண்டு நானே பின்னால் வைத்துக்கொண்டு வருகிறேன்.